அம்மாவின் பட்டை வெட்டலாமா? ஒரு ரிசப்ஷன் உடுப்பின் கட்டுமானம்

அக்கா பெண்ணுக்கு 2024 தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமானதும் எங்கள் வீட்டில் நடந்த முதல் வாக்குவாதம் மண்டபம் பற்றியோ சாப்பாடு பற்றியோ இல்லை. என் அம்மாவின் கல்யாணப் புடவையைப் பற்றி.

1977-ல் காஞ்சிபுரத்தில் எடுத்த புடவை. அரக்கு நிற உடல், மாம்பழ மஞ்சள் பார்டர், அதில் தாழம்பூ ரேக்கு. வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்பு மாற்றி, மறுபடி வைப்பதோடு சரி. அக்கா பெண் அதைத்தான் ரிசப்ஷனுக்குப் போடுவேன் என்றாள். முகூர்த்தத்துக்குப் புதுக் கூரைப்புடவை, முந்தின நாள் சாயங்காலம் பாட்டியின் பட்டு. இதுவரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் அவள் போய்ப் பார்த்த பொட்டிக்கில், "புடவையா கட்டினா ரிசப்ஷன் லுக் வராது மேடம், கவுனா வெட்டித் தைச்சுடலாம்" என்று சொல்லி, ஒரு படமும் வரைந்து கொடுத்துவிட்டார்கள். படம் நன்றாகத்தான் இருந்தது. தரை வரை விரியும் கவுன், கீழே சுற்றிலும் மஞ்சள் பார்டர், தோளிலிருந்து பின்னால் தொங்கும் முந்தானை.

அம்மாவிடம் கேட்டோம். "பெட்டியில கிடந்து என்ன ஆகப்போகுது, வெட்டிக்கோங்க" என்றாள். சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குத் தையலில் ஒரு பொத்தான் தைக்கிற அளவுக்குத்தான் ஞானம். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவனுக்கு ஒரு பயம் ரத்தத்தில் ஊறியிருக்கும்: பேக்கப் எடுக்காமல் டெலீட் பண்ணுவது. கத்திரிக்கோல் என்பது அதுதான். "ரெண்டு வாரம் டைம் கொடு, நான் கொஞ்சம் விசாரிக்கிறேன்" என்று அவளிடம் சொன்னேன். அந்த விசாரணையின் குறிப்புகள்தான் கீழே. புடவை, கவுன், ரவிக்கை இதெல்லாம் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு இன்ஜினியர் கண்ணோடு பார்த்தது.

முதலில் கையில் இருக்கும் பொருள். மொபைலில் மாட்டுகிற 60 மடங்கு லென்ஸ் ஒன்று என்னிடம் உண்டு (ஏரிக்கரைப் பாசி பார்ப்பதற்காக வாங்கியது, அது வேறு கதை). அதை வைத்துப் பார்த்தேன். பழைய காஞ்சிபுரம் ஜரிகை என்பது தங்கக் கம்பி இல்லை. நடுவில் ஒரு பட்டு நூல், அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளி இழை, வெள்ளியின் மேல் மெல்லிய தங்க முலாம். எடைக் கணக்கில் தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. எங்கள் புடவையில் மடிப்பு விழுந்த இடங்களில் முலாம் தேய்ந்து, வெள்ளி கருத்திருந்தது. பட்டு நூலும் அதே மடிப்புகளில்தான் பலவீனமாக இருந்தது. இரண்டு இடத்தில் பாவு நூல் அறுந்தே போயிருந்தது. மடிப்பு மாற்றி வை என்று பாட்டிகள் சொன்னதற்குக் காரணம் லென்ஸில் தெரிந்தது.

அடுத்தது நெசவு. காஞ்சிபுரத்தில் உடலும் பார்டரும் வேறு வேறு நிறம் என்றால் அதைக் 'கோர்வை' முறையில் நெய்வார்கள். மூன்று நாடா ஓடும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கப் பார்டருக்கும் ஆளுக்கு ஒன்று. ஒருத்தர் தறியில் உட்கார்ந்தால் போதாது, பக்கத்தில் ஒரு ஆள், பெரும்பாலும் வீட்டுப் பையனோ பெண்ணோ, பார்டர் நாடாவைத் தள்ள வேண்டும். உடலின் ஊடை நூலும் பார்டரின் ஊடை நூலும் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும். முந்தானை வேறு நிறமாக இருந்தால் இன்னொரு வேலை: உடலின் பாவு நூல்களோடு முந்தானையின் பாவு நூல்களை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். இதற்குப் பெயர் 'பேட்னி'. ஆக, நாம் ஒரே துணி என்று நினைக்கும் புடவை உண்மையில் நெசவிலேயே ஒட்டிய நாலு துண்டு. தையல் இல்லாத ஒட்டு.

இங்கேதான் கவுன் படத்தில் முதல் சிக்கல் தெரிந்தது.

இடுப்பில் ஒடுங்கிக் கீழே விரியும் எந்த உடுப்பும் கூம்பு. கடலை மடித்துத் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள், அதன் விளிம்பு வட்டத்தின் ஒரு துண்டாக, வில் போல வளைந்திருக்கும். கவுனின் கீழ் விளிம்பும் அப்படித்தான். தையல்காரர்கள் இதை ஒரே துண்டாக வெட்டாமல், மேலே குறுகி கீழே அகன்ற 'கலி'களாக வெட்டிச் சேர்ப்பார்கள். கலி எத்தனை என்றாலும் அடிப்பகுதி வளைவுதான். ஆனால் புடவைப் பார்டர் நேர்கோடு. கெட்டியான ஜரிகைப் பார்டரை வளைக்க முடியாது, சுருக்கம் விழும். அப்படியானால் படத்தில் இருக்கிற மாதிரி கவுனைச் சுற்றி பார்டர் ஓட வேண்டும் என்றால் ஒரே வழி: முதலில் பார்டரை உடலிலிருந்து வெட்டிப் பிரிக்க வேண்டும், பிறகு துண்டு துண்டாக மறுபடி வைத்துத் தைக்க வேண்டும். எந்த இணைப்புக்காக இரண்டு பேர் தறியில் உட்கார்ந்தார்களோ, அந்தக் கோர்வையைக் கத்திரிக்கோலால் அறுத்துவிட்டு மெஷின் தையல் போடுவது.

இதை அக்கா பெண்ணிடம் காகிதத்தில் வெட்டிக் காட்டினேன். "அப்போ கவுன் வேண்டாம் மாமா. ஆனா சாதாரணமா கட்டினா நாலு மணி நேரம் ஸ்டேஜ்ல நிக்கிறப்போ கொசுவம் சரிஞ்சுடும். போட்டோவுக்கு நடுவுல விரிஞ்சு நிக்கணும், டான்ஸ் காஸ்ட்யூம் விசிறி மாதிரி" என்றாள். சின்ன வயதில் ஆறு வருஷம் பரதம் ஆடியவள்.

டான்ஸ் காஸ்ட்யூம் என்று அவள் சொன்னது ஒரு நல்ல நூல்முனை. இன்று பரதநாட்டியத்துக்குப் போடும் தைத்த உடை ஏதோ ஆயிரம் வருஷப் பழசு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது இங்கே சென்னையில், அடையாறில், ஒரு டிசைனர் வேலையாக உருவானது. 1935 டிசம்பரில் தியசாபிகல் சொசைட்டியின் மாநாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் முதன்முதலாக மேடையேறினார். அதற்கு முன் ஆடியவர்கள் பைஜாமாவின் மேல் புடவையைச் சுற்றிக் கட்டி ஆடுவது வழக்கம். ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களின் உடையைப் பார்த்து ஒரு வடிவத்தை யோசித்தார். அதைத் துணியில் கொண்டுவர அவருக்கு உதவியவர் மேடம் கசான் என்ற இத்தாலியப் பெண்மணி. பட்டுப்புடவையை வெட்டி பைஜாமா, முன்பக்க விசிறி, மேலாக்கு, இடுப்புத் துணி என்று தனித்தனியாகத் தைத்து, ஒவ்வொன்றையும் நாடாவால் கட்டிக்கொள்வது இன்றுவரை தொடரும் முறை. அரைமண்டியில் உட்கார்ந்தால் விசிறி விரியும், எழுந்தால் மூடும். எத்தனை குதித்தாலும் ஒன்றும் அவிழாது.

அந்த விசிறியைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஒன்று புரியும். மடிப்புகள் தொங்குவது இடுப்புப் பட்டையிலிருந்து. பட்டு எதையும் தாங்குவதில்லை, அதுவே இன்னொன்றால் தாங்கப்படுகிறது.

மேற்கத்திய ஈவினிங் கவுன்களிலும் இதே கதைதான். சார்லஸ் ஜேம்ஸ் என்று ஒரு டிசைனர் நியூயார்க்கில் இருந்தார். 1953-ல் ஆஸ்டின் ஹர்ஸ்ட் என்ற பெண்மணிக்காக அவர் செய்த 'க்ளோவர் லீஃப்' கவுன் நாலு இலை மாதிரி விரிந்து நிற்கும். அதன் எடை நாலரைக் கிலோவுக்குப் பக்கம். தோளோ மேல்கையோ மூடாத கவுன். அப்படியானால் அந்த நாலரைக் கிலோ எதில் மாட்டியிருக்கிறது? இடுப்பெலும்பில். வெளியே தெரியும் சாட்டினுக்கு உள்ளே அடுக்கடுக்காக விறைத்த பாவாடைகள், அவை எல்லாம் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, எடையைச் சமமாகப் பிரித்துவிடும். அதனால்தான் அதைப் போட்டுக்கொண்டு நடனமும் ஆட முடிந்தது. 2014-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவருடைய உடைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது, அவற்றின் உள் அமைப்பைப் பிரித்துக் காட்டி. அவர் உடைகளைக் கட்டடம் மாதிரிப் பார்த்தார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நம் வழக்கத்தில் இந்த இடுப்பெலும்பு வேலையை உள்பாவாடை நாடா செய்கிறது. அரை சென்டிமீட்டர் அகல நாடா ஒன்று, முக்கால் கிலோ பட்டை இழுத்துப் பிடிக்கிறது. இடுப்பில் அது பதிந்து கருத்துப்போன தழும்பு இல்லாத அம்மாக்கள் குறைவு. அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு. பத்தாம் வகுப்புப் பாடம். பட்டையை நாலு சென்டிமீட்டர் அகலமாக்கினாலே அழுத்தம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

சரி, வெட்டாமல் தைப்பது என்று முடிவானது. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டிங் மாஸ்டர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், ஒற்றை அறைக் கடை, ஆண்களுக்கான கோட்டு தைத்துப் பழகியவர். நான் என் கணக்கோடு போனேன்.

புடவை நீளம் 550 செ.மீ. இடுப்பைச் சுற்றி முதல் சுற்றுக்கு 100. மார்பைச் சுற்றி முந்தானையாகத் தோளில் போக 240. மீதி 210 விசிறிக்கு. மடிப்பு ஒவ்வொன்றும் 10 செ.மீ. அகலம் என்றால் ஒரு மடிப்புக்கு 20 செ.மீ. துணி போகும், ஆக 10 மடிப்பு. வழக்கமாகக் கட்டும்போது இந்தப் பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தொப்புளுக்குக் கீழே செருகுவோம். அந்த ஒரே இடத்தில் 20 அடுக்கு. அதற்குப் பதில் ஐந்தை வலப்பக்கமும் ஐந்தை இடப்பக்கமும் திருப்பி, ஒவ்வொன்றையும் 2 செ.மீ. தள்ளித் தள்ளி வைத்தால் எந்த இடத்திலும் 10 அடுக்குக்கு மேல் வராது.

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி சார், புடவை அகலம் 48 இன்ச்சு. பொண்ணுக்கு ஹீல்ஸோட இடுப்புலருந்து தரைக்கு 41 இன்ச்சு. மீதி ஏழு இன்ச்சை எங்க வைக்கப்போறீங்க?" என்றார்.

யோசிக்கவில்லை. கட்டும்போது அது மேலே உள்ளே மடங்கிவிடும். அப்படி மடக்கினால் என் 10 அடுக்கு மறுபடி 20 ஆகிவிடும், அதுவும் இடுப்பில், பட்டையும் ஒட்டியாணமும் வந்து உட்கார வேண்டிய அதே இடத்தில். வெட்டுவதில்லை என்பதால் அந்த ஏழு அங்குலத்தை எங்கேயாவது ஒளித்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "பாவாடைக்கு டக் பிடிக்கிற மாதிரி பிடியேன்டா" என்றாள்.

பெண் குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கும்போது நீளமாகவே துணி எடுத்து, நடுவில் குறுக்காக இரண்டு மூன்று டக் பிடித்துத் தைப்பார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் குழந்தை வளர வளர ஒரு டக்கைப் பிரித்துவிடுவார்கள். பாவாடை நாலைந்து வருஷம் வரும். என் அக்காவுக்கு அம்மா அப்படித்தான் தைத்திருக்கிறாள், என் கண் முன்னாலேயே பிரித்திருக்கிறாள். துணியை வெட்டாமல் அளவை மாற்றுகிற, பிறகு திரும்பப் பெறுகிற ஒரு முறை இந்த ஊரில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. நான் மெட்ரோபாலிட்டன் மியூசியம் வரை போய்விட்டு வந்திருக்கிறேன்.

மாஸ்டர் உடனே ஒப்புக்கொண்டார். மூன்றரை அங்குல ஆழத்தில் ஒரு டக், ஏழு அங்குலம் உள்ளே போய்விடும். இடுப்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே அதன் தையல் கோடு. அந்தக் கோட்டை ஒட்டியாணம் மறைக்கும். இடுப்பில் ஒற்றைத் துணி, தடிமன் எல்லாம் அதற்குக் கீழே, மடிப்புகள் பிரிந்து விரியும் இடத்தில்.

அடுத்து நூல். நான் பாலியஸ்டர் நூல்தானே பலம் என்றேன். மாஸ்டர் மறுத்துவிட்டார். காட்டன் நூல், மெல்லிய ஊசி, மெஷின் கூடாது, கைத்தையல் மட்டும். "யாராவது மிதிச்சா நூல் அறுந்துடணும் சார். நூல் ஸ்ட்ராங்கா இருந்தா பட்டு கிழியும்." கேட்டதும் ஆச்சரியமாக இருந்தது. எலக்ட்ரிகல் போர்டில் ஃப்யூஸ் கம்பி போடுவது இதற்குத்தானே. மியூசியங்களில் பழைய துணிகளைப் பாதுகாப்பவர்களும் இதே விதியை வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன்: தைக்கும் நூல் துணியைவிட பலவீனமாக இருக்க வேண்டும். பட்டைக்கும் பட்டுக்கும் நடுவில் காடாத் துணியில் ஒரு நாடா வைத்து, சுற்றிலும் ஓட்டுத் தையல் போட்டார். 312 தையல். எண்ணினேன், ஆமாம். புடவை 780 கிராம். ஒரு தையலுக்கு இரண்டரை கிராம். அசையாமல் நிற்கும்போது அந்தப் பழைய பட்டுக்கு இது ஒரு பாரமே இல்லை. பிரச்சினை மிதித்தால்தான். பேட்னி வரும் இடத்திலும், நான் லென்ஸில் பார்த்த அந்த இரண்டு மடிப்புகளிலும் ஊசியே படாமல் பார்த்துக்கொண்டார்.

இனி ரவிக்கை. இதைச் சொல்லாமல் முடித்தால் பாதிக் கதைதான், ஏனென்றால் செலவில் முக்கால்வாசி அதில்தான்.

புடவையோடு ரவிக்கை, உள்பாவாடை என்ற சேர்க்கை அவ்வளவு பழையதில்லை. 1860-களில் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி பம்பாயில் பார்த்துப் பழகி வங்காளத்தில் பரப்பியது, அதன் வரலாற்றில் முக்கியமான ஒரு கட்டம். ஆனால் எனக்கு வரலாற்றைவிட ஜியோமெட்ரி சுவாரஸ்யம். புடவையில் வடிவம் கட்டும்போது வருகிறது. ரவிக்கையில் அதைத் துணிக்குள்ளேயே முன்கூட்டி வைக்க வேண்டும். தட்டையான துணி, இரண்டு திசையிலும் வளைந்த உடம்பு. தட்டைக் காகிதத்தைக் கிழிக்காமல், சுருக்காமல், பந்தின் மேல் ஒட்ட முடியாது என்பதற்கு காஸ் 1827-ல் கணிதக் காரணம் கொடுத்தார். ஆனால் துணி காகிதம் இல்லை. நூல்கள் நீளவில்லை என்றாலும், நெசவின் சின்னச் சதுரங்கள் சாய்சதுரமாகச் சரியும். இதை வைத்து ரஷ்யக் கணித மேதை செபிஷெவ் 1878-ல் பாரிஸில் ஒரு உரை நிகழ்த்தினார். தலைப்பே 'உடைகளை வெட்டுவது பற்றி'. நம் டெய்லர்கள் 'கிராஸ்' என்று சொல்வது இந்தச் சரிவைத்தான். துணியை மூலைவாட்டில் இழுத்தால் நீளும், நேராக இழுத்தால் நீளாது.

சரிவு போதாத இடத்தில் டாட். முக்கோணமாக ஒரு பகுதியை மடித்துத் தைத்துவிட்டால் தட்டைத் துணி அந்த முனையில் கூம்பாகிறது. அதே பொட்டலம்தான். பிரின்சஸ் கட் என்றால் தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ மார்பின் மேலாக இடுப்பு வரை ஒரே தையலாக ஓடவிட்டு, டாட்டுகளை அந்தத் தையலுக்குள் கரைத்துவிடுவது.

எல்லாம் சரி, ஆரி வேலைப்பாடு வந்தால் ஒரு ஆபத்தும் சேர்ந்து வருகிறது. துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்டி, கொக்கி மாதிரி முனை உள்ள ஆரி ஊசியை மேலிருந்து குத்தி, கீழே பிடித்திருக்கும் நூலைக் கொக்கியால் மேலே இழுக்க வேண்டும். சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைப் பிடித்திருக்கும். நாங்கள் புரோகிராமில் எழுதும் லிங்க்டு லிஸ்ட் போலத்தான், கடைசி முனையில் முடிச்சு போடாவிட்டால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். கச்சில் செருப்புத் தைக்கும் மோச்சிகளின் கையிலிருந்து வளர்ந்த வேலை இது. பிரான்சின் எம்பிராய்டரிக் கூடங்களிலும் இதே மாதிரி கொக்கி ஊசிதான். அந்தப் பிரெஞ்சு மரபில் வந்த ழான்-ஃபிரான்சுவா லெசாஜ் 1993-ல் வஸ்திரகலா என்ற கூடத்தைத் தொடங்கியது நம் சென்னையில்.

ஆபத்து என்னவென்றால், ஆரி போடுவது தைப்பதற்கு முன். முழுத் துணியில் கழுத்து, கை, முதுகு எல்லாம் மார்க் பண்ணி, அதன் மேல் மணியும் ஜர்தோசியும் பதித்து, அதற்கப்புறம்தான் வெட்டித் தைப்பார்கள். அளவு தப்பானால் திருத்த வழியில்லை. அதனால் முதலில் காடாவில் ஒரு மாதிரி ரவிக்கை தைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் டெஸ்ட் பில்ட்.

ரவிக்கையைப் பொட்டிக்கிலேயே கொடுத்திருந்தோம். அவர்கள் அந்தப் படியைத் தாண்டிவிட்டார்கள். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது. பார்க்க அற்புதம். போட்டுக்கொண்டு அவள் கையைத் தூக்கினாள், தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. இன்னும் தூக்கினால் மொத்த ரவிக்கையும் மேலே ஏறியது. அக்கா கண்கலங்கிவிட்டாள். அவள் இன்னும் கோபமாக இருந்தாள்.

மாஸ்டரிடம் எடுத்துக்கொண்டு ஓடினோம். ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்: கைக்குழியை ரொம்பக் கீழே இறக்கியிருக்கிறார்கள். நம் உள்ளுணர்வு நேர்மாறாகச் சொல்லும், கைக்குழி பெரிதாக இருந்தால் தாராளமாக இருக்கும் என்று. ஆனால் கை அசைவது தோள் மூட்டைச் சுற்றி. கைக்குழியின் அடி அக்குளை ஒட்டி இருந்தால் கை தூக்கும்போது கைத்துணி மட்டும் தூக்கும். அது கீழே இறங்கிவிட்டால் கை கூடவே பக்கவாட்டுத் தையலையும் இழுத்துக்கொண்டு போகும். பாராசூட் மாதிரி.

வேலைப்பாட்டைத் தொடாமல் திருத்த ஒரே இடம் அக்குள்தான், அங்கே ஆரி கிடையாது. பக்கத் தையலைப் பிரித்து, மிச்சத் துணியிலிருந்து சாய்சதுரமாக ஒரு துண்டை, கிராஸில் வெட்டி, அக்குளில் வைத்துத் தைத்தார். கை மேலே போனது. கூடவே இன்னொன்றும் செய்தார். இரண்டு கையிலும் மணி வேலைப்பாடு, ரவிக்கை 610 கிராம். கழுத்து அகலம். அந்தக் கனம் தோள்பட்டையை வெளிப்பக்கம் இழுத்து வழியவிடும். பின்கழுத்தில் இரண்டு தோளையும் சேர்த்து ஒரு நாடா கட்டினார். இதுநாள்வரை குஞ்சலம் வைத்த அந்த நாடா அழகுக்கென்று நினைத்திருந்தேன். ஓட்டு வீட்டில் இரண்டு பக்கச் சுவரும் வெளியே சாயாமல் பிடிக்கும் விட்டத்தின் வேலை அது.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம் ஆறரைக்கு மேடை ஏறினாள். பட்டு 780, பட்டை வைத்த உள்பாவாடை 340, ரவிக்கை 610, நகை சேர்க்காமல் 1,730 கிராம். எல்.ஈ.டி. வெளிச்சத்தில் புதுப் பட்டுகளுக்கு நடுவே அந்தப் பழைய ஜரிகை கொஞ்சம் அடங்கித்தான் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, போட்டோகிராபருக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் விசிறி விரிந்தது, எழுந்தால் மூடியது. அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்காமல் பார்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணி சுமாருக்கு, குழந்தைகள் கும்பலாக மேடையேறிப் போட்டோவுக்கு நின்றார்கள். என் சித்தப்பா பேரன் ஷூவோடு முன்மடிப்பின் மேல் நிற்க, அவள் அது தெரியாமல் ஒரு அடி நகர்ந்தாள். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அறைக்குப் போய்ப் பார்த்தபோது வலப்பக்கத்தில் பதினொரு தையல் அறுந்திருந்தது. பட்டில் ஒரு கீறல் இல்லை. இரண்டு சேஃப்டி பின் போட்டுச் சரிசெய்துகொண்டு அவள் சாப்பிடப் போனாள்.

மறுவாரம் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தையல் முழுவதையும் பிளேடு முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். டக்கைப் பிரித்ததும் அகலம் மறுபடி 48 அங்குலம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மேல் பார்டரில் வரிசையாக ஊசி ஓட்டைகள் தெரிந்தன. அம்மா நகத்தால் நெடுக்காகவும் குறுக்காகவும் மெல்லச் சுரண்டினாள். நூல்கள் நகர்ந்து பெரும்பாலானவை மூடிக்கொண்டன. டக் கோட்டில் மூடாதவை எத்தனை என்று நான் லென்ஸை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டும்போது, "போதும்டா" என்று புடவையை வாங்கி, இந்தத் தடவை மூன்றாக மடித்து, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.